தொடைக்குள் இருந்த கம்பி

சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்து திரும்பிய கொழுந்தனார் கொல்லையில் கால் கழுவிவிட்டு அடுப்படிக்கு வந்தார். துண்டில் சுற்றியிருந்த ஒன்றை மேடைமேல் வைத்தார்.

"மதினி, சாம்பலுக்குள்ள இது கெடந்துச்சு. ஆத்துல விட்ருவமான்னு கேட்டேன். மயானத்துல இருக்கவுக, வீட்டுல கேட்டுக்கங்கன்னு சொன்னாக."

பிரித்துப் பார்த்தேன். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான கம்பி. கூடவே மூன்று திருகாணிகள். கம்பியின் மேல் வெளிறிய ஏடு படிந்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் உதிர்ந்தது. டைட்டானியம் டைஆக்சைடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கணவரை எரித்த மறுநாள் எனக்குத் தோன்றியது அது மட்டும்தான்.

"இருக்கட்டும்" என்றேன். கொழுந்தனார் என் முகத்தைப் பார்த்தார். நான் அழுவேன் என்று நினைத்திருப்பார். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

நான் உத்தமபாளையத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். அவர் கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தார். இறப்பதற்கு நான்கு வருஷத்துக்கு முன் மழையில் தோட்டத்து ஜீப் கவிழ்ந்து அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து எலும்புக்குள் கம்பி ஏற்றினார்கள். டைட்டானியம், உடம்புக்குள் துருப்பிடிக்காது, எலும்பு அதோடு ஒட்டிக்கொள்ளும், கழற்ற வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார். மயக்கம் தெளிந்ததும் இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ பாடம் நடத்துற சாமான எனக்குள்ள வச்சுட்டாக. இனி பாஸாகிருவேன்ல?"

நன்றாகத்தான் நடந்தார். திரும்பவும் மலையேறினார். அவரைக் கொண்டுபோனது மாரடைப்பு. கம்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கம்பியைக் கழுவித் துடைத்து பீரோவில் அவருடைய வேட்டிகளுக்கு நடுவே வைத்தேன். பதினாறாம் நாள் முடிந்ததும் பள்ளிக்குப் போனேன். வீட்டில் இருந்தாலும் அங்கே இருந்தாலும் ஒன்றுபோல்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"சாருக்குக் காலு எக்ஸ்ரே எடுக்கணும். எப்ப கூட்டிட்டு வர்றீக?"

"அவுக இறந்துட்டாகம்மா."

"சாரிக்கா. சாரோட ஃபைல முடிச்சிர்றேன்."

"அந்தக் கம்பிய நீங்க திரும்ப வாங்கிக்கிருவீகளா?"

"இல்லக்கா. அப்பிடி வாங்குறதில்ல."

சரி என்று போனை வைத்துவிட்டுத் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளைத் தொடர்ந்து திருத்தினேன்.

அந்தப் பருவத்தில் இடைநிலைத் தனிமங்கள் பாடம் வந்தது. வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் ஓடைக்கரைக் கறுப்பு மணலில் டைட்டானியத்தை முதலில் கண்டது. பின்னால் ஜெர்மனியில் ஒருவர் கிரேக்கப் புராணத்து ராட்சதர்களின் பெயரை இதற்கு வைத்தது. ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்வதால் சுத்த உலோகமாகப் பிரித்தெடுக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. நம் குமரிக் கடற்கரையிலும், மலை தாண்டிக் கொல்லம் பக்கமும் அதே கறுப்பு மணலை அள்ளுகிறார்கள் என்றேன். அதிலிருந்துதான் சுவருக்கு அடிக்கிற பெயின்டின் வெள்ளையும் வருகிறது, விமானத்தின் பாகமும் வருகிறது.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், ஒடம்புக்குள்ளயும் வைப்பாகளாமே. செத்துட்டா அது என்ன ஆகும்?"

"விறகுத் தீயில உருகாது. ஆயிரத்து அறுநூறு டிகிரிக்கு மேல வேணும். அப்படியே கெடக்கும்."

மறுநாள் கம்பியை எடுத்துப் போனேன். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. பிள்ளைகள் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். "இரும்புன்னு நெனச்சேன், எம்புட்டு லேசா இருக்கு!" என்றாள் ஒருத்தி.

"யாரோடது டீச்சர்?"

"எங்க வீட்டுக்காரரோடது."

அப்போது கம்பியை வைத்திருந்த பெண்ணுக்கு அதைப் பக்கத்தில் கொடுக்கவும் தெரியவில்லை, கீழே வைக்கவும் தெரியவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, "பக்கம் புரட்டுங்க, அடுத்து வனேடியம்" என்றேன்.

கம்பி இப்போது ஆய்வக அலமாரியில் இருக்கிறது. வருஷா வருஷம் அந்தப் பாடத்துக்கு எடுத்துக் காட்டுகிறேன். யாருடையது என்று கேட்டால், ஒரு நோயாளியுடையது என்று சொல்லிவிடுகிறேன்.