றேடியோ முத்துக்குமாரு சொன்ன ஒரேயொரு பொய்

கரவெட்டியில் முத்துக்குமாரு என்று விசாரித்தால், எந்த முத்துக்குமாரு என்று திருப்பிக் கேட்பார்கள். றேடியோ முத்துக்குமாரு என்றால் சின்னப் பிள்ளையும் அவர் வீட்டுப் படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடும். தொண்ணூறில் சண்டை தொடங்கிக் கரண்டும் போய், பற்றறிக்கும் தடை வந்த பிறகு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் அயலட்டைச் சனத்துக்குச் செய்தி கேட்க வழி பண்ணிக் கொடுத்தவர் அவர். கைவேலைக்கு மட்டுமல்ல, வாய்க்கும் அவருக்குப் பெயர் இருந்தது. திருத்த முடியாத றேடியோவை வைத்து நாலு கிழமை இழுத்தடிக்கிற ஆளில்லை. "இதுக்கு உயிரில்லை, கொண்டு போங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லி விடுவார். மனைவி குணலட்சுமிக்கு இது எரிச்சல். "கொஞ்சம் பதமாச் சொன்னால் வாய் சுளுக்குமே?" என்பாள். அவர் சிரிப்பார்.

அந்த மனிதர்தான் தொண்ணூற்றிரண்டில் ஒரு பொய் சொன்னார்.

அருந்ததி ரீச்சர் தன் வீட்டு முன்னறையில் ஒரேயொரு கொம்பியூட்டரை வைத்து, பதினாறு பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். வயது முப்பத்துநாலு, கலியாணம் ஆகவில்லை. தகப்பன் சீவரத்தினம் புகையிலைத் தோட்டத்தில் பாதியை விற்று, கொழும்பிலிருந்து இறக்கிக் கொடுத்த சாமான் அது. மண்ணெண்ணெயில் ஓடுகிற குட்டி ஜெனரேற்றரை இழுத்து ஸ்ராட் பண்ணினால்தான் அதற்கு உயிர் வரும்.

ஒருநாள் வகுப்பு நேரத்தில் குண்டு போடுகிற பொம்மர் வந்தது. பிள்ளைகள் எல்லோரையும் பங்கருக்குள் தள்ளிவிட்டுக் கடைசியாகத்தான் அவள் இறங்கினாள். குண்டு பக்கத்து வாழைத்தோட்டத்தில் விழுந்தது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் முன்னறைக் கூரையின் வளைமரம் முறிந்து கொம்பியூட்டர்ப் பெட்டிக்கு மேலே விழுந்து, பெட்டி ஒரு பக்கம் சப்பையாகிப் போனது. பதினாறு பிள்ளைகள் தப்பியதற்கு நேர்த்தி வைக்க வேண்டிய சீவரத்தினம், மகளைப் பார்த்து, "ஓடேக்கை அதைத் தூக்கிக் கீழை வைச்சிட்டு ஓடக்கூடாதே?" என்று கேட்டார். என்ன தகப்பனோ!

அவள் பெட்டியைப் பழஞ்சீலையில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி முத்துக்குமாருவிடம் கொண்டு வந்தாள். அவர் மூடியை நெம்பிக் கழற்றி நெடுநேரம் பார்த்தார்.

"பெட்டிதான் பிள்ளை போச்சு. உள்ளுக்கு ஒண்டுமில்லை. வேறை பெட்டிக்கு மாத்தினால் ஓடும்."

"மெய்யே அண்ணை?" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இதோடை வந்த புத்தகமும் கிடக்கு. வைச்சிருங்கோ."

"முப்பது வருசமாக் கழட்டிப் பூட்டுறவனுக்குப் புத்தகம் என்னத்துக்கு?" என்று அதை வாங்கி அலுமாரிக்கு மேலே போட்டார்.

கரண்ட் இல்லாத ஊரில் பிரிஜ் வெறும் அலுமாரிதானே. அப்படிச் சும்மா நின்ற ஒரு பிரிஜ்ஜின் பக்கத் தகரத்தை வெட்டி, மடித்து, மூன்று நாளில் வெள்ளை வெளேரென்று ஒரு பெட்டி செய்தார். கொம்பியூட்டருக்குள் இருந்த பச்சைப் போர்ட் தகரத்தில் முட்டக்கூடாது என்று சைக்கிள் ரியூப்பில் வட்டம் வட்டமாக வெட்டி அடியில் வைத்தார். எந்த ஆணி எந்த ஓட்டையில் இருந்தது என்று கொப்பியில் கீறி வைத்தார். குறிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். பவர் வருகிற பிளக்குகள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் பூட்டுகிறவை. எதை எந்தப் பக்கம் பூட்டினாலும் இறுகும். இரண்டையும் ஒரே இழுவையில் கழற்றியிருந்தார்.

இரண்டிலும் ஒரு கரையில் கறுப்பு வயர்கள். கறுப்பு என்றால் எர்த். றேடியோவில் எர்த்தை ஓரத்துக்குக் கொண்டுபோய்த் தகரத்தோடு இறுக்குவதுதான் அவருடைய கை பழகிய வேலை. ஆகவே கறுப்பு இரண்டும் வெளி ஓரங்களில் வரும்படி பூட்டினார். அது சரியாகத்தான் பட்டது. இரவல் ஜெனரேற்றரை ஸ்ராட் பண்ணி சுவிட்சைப் போட்டார். 'டிக்' என்றொரு சத்தம், பிறகு கருகல் மணம்.

அலுமாரிக்கு மேலே கிடந்த புத்தகத்தை எடுத்தார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதவரில்லை. படமே போட்டிருந்தது. கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரவேண்டும்! போர்ட் கருகியே போயிருந்தது.

அருந்ததி ஒன்பது மணிக்கு வந்தாள். முழுகி, நெற்றி நிறைய விபூதி. "திங்கள் வகுப்பு எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன் அண்ணை" என்றாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"குண்டு அதிர்ச்சியிலை உள்ளுக்கு வெடிச்சிருக்குப் பிள்ளை. முதல் எனக்குத் தெரியேல்லை."

அவள் அழவில்லை. "நான்தானே அண்ணை விட்டிட்டு ஓடினனான்" என்றாள். அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம், பாவி மனிதன். சொல்லவில்லை.

வகுப்பு நின்றது. சீவரத்தினம் மகளைக் கிணற்றடியிலும் ஏசினார், கோயில் வீதியிலும் ஏசினார். "அவள் இப்ப வெளியாலை வாறதேயில்லையாம். சோறும் தின்னுறேல்லையாம்" என்று குணலட்சுமி வந்து சொன்னாள். முத்துக்குமாருவுக்கும் சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் மனைவியிடம் எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

"வாயைத் திறக்காதேங்கோ!" என்று அவள் பதறினாள். "பொம்மர் செய்த பாவம் கொஞ்சமே? அதோடை இதுவும் கிடக்கட்டும்."

அவர் கேட்கவில்லை. கருகிய போர்ட்டையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நேரே போனார். சீவரத்தினமும் வீட்டில் இருந்தார். நல்லதாய்ப் போயிற்று என்று, நின்ற நிலையிலேயே சொன்னார்.

"பிள்ளையிலை ஒரு பிழையுமில்லை. எரிச்சது நான். வயரை மாத்திப் பூட்டிப்போட்டன். இந்தா, படத்தைப் பாருங்கோ."

அருந்ததி படத்தைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்காண்டிப் பொய் சொல்லுறியள் அண்ணை."

"ஐயோ பிள்ளை, சத்தியமா! உள்ளுக்கு ஒண்டுமில்லை எண்டு அண்டைக்கே சொன்னனானெல்லே?"

"அதுவும் என்ரை மனசை ஆத்தத்தானே சொன்னனீங்கள்."

சீவரத்தினம் எழும்பினார். கோபம் முத்துக்குமாருவிடம் போகவில்லை, மகளிடம் போனது. "பாத்தியாடி? வாழ்க்கையிலை ஒரு பொய் சொல்லாத மனுசன். உன்ரை பிழையை மூட, தன்ரை பேரைக் கெடுத்துக்கொண்டு வந்து நிக்கிறான். வெக்கமில்லையே உனக்கு?"

"சீவரத்தின அண்ணை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ…" என்று முத்துக்குமாரு கத்தினார். கத்தக் கத்த அவர்களுக்கு அவரில் மதிப்புக் கூடியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அருந்ததியின் முகம் பேயறைந்தது போல வெளிறிப் போயிருந்தது.

படலை வரைக்கும் அவள் பின்னால் வந்தாள். "இனி ஒருத்தரிட்டையும் இப்பிடிச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை" என்றாள். "சனம் நம்பினால் உங்கடை தொழில் போயிடும். பிழை என்னோடையே கிடக்கட்டும்."

முத்துக்குமாரு போர்ட்டை மற்றக் கைக்கு மாற்றினார். அவளைப் பார்க்க முடியாமல் றோட்டைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை" என்றார்.