அந்தோனிமுத்து எனக்காகப் பொய் சொல்லவில்லை

செய்தி வந்தபோது நான் வரக்காப்பொலவில், மகள் வீட்டுக்கு மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் முத்துவின் மனைவி ரீட்டா. "விடியக்காலம் போயிட்டாருங்க சேர். ஆஸ்பத்திரியிலதான். நேத்துக்கூட உங்களைக் கேட்டாரு" என்றார். பையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

கொடகவெலப் பக்கத்துத் தோட்டங்களில் வாகனம் ஓட்டியவர்களுக்கு அந்தோனிமுத்துவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. றப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். பிரதான வீதியோரத்தில் வாகன மின்வேலை செய்யும் சிறிய கராஜ் வைத்திருந்தார். சிங்களமும் தமிழும் ஒரே வேகத்தில் பேசுவார். ஆனாலும் அதிகம் பேசமாட்டார்.

தோட்டப் பாடசாலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு நான் ஒரு பழைய வான் வாங்கியிருந்தேன். வெளிநாட்டுத் தம்பதியர் விட்டுப்போனது. உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு குட்டி வீடே இருந்தது. சுற்றுலாப் பயணிகளை அதில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். அதன் முன்விளக்குகள் மங்கத் தொடங்கின. நானே பெரிய பல்ப்புகளை வாங்கிப் போட்டேன். வெளிச்சம் கூடவில்லை. முத்துவிடம் கொண்டுபோனேன்.

மீற்றரை வைத்துப் பார்த்தார். "பல்ப்புல பிழையில்லீங்க சேர். பற்றரியில பன்னிரண்டரை வோல்ற் இருக்கு, பல்ப்புக்கு ஒம்பதுதான் வந்து சேருது. வயர் எல்லாம் பழசு. நீங்க பெரிய பல்ப்பு போட்டு இன்னும் சூடாக்கி வச்சிருக்கீங்க. ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க."

"நாளைக்கு ஆள் ஏத்தணும் முத்து. திரும்பி வந்து விடுறேன்."

"அப்ப மழையில ஓட்டாதீங்க."

பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பிய மாலை மழை பெய்தது. பனிமூட்டமும் சேர்ந்துகொண்டது. ஐந்து மணிதான் இருக்கும். பறித்த தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வீதியோரமாக லயத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். என் விளக்குகள் வண்டிக்கு முன்னால் ஒரு மஞ்சள் கறையைத்தான் காட்டின. வளைவில் ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தபோது தங்கேஸ்வரி என்ற பெண் வீதியோரத் தண்ணீர்க் காணுக்குள் கிடந்தார். கால் முழங்காலுக்குக் கீழே மடங்கியிருந்தது.

பொலிசில் நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். "திடீரென்று குறுக்கே ஓடினார்" என்றேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாயால் சொன்னேன்.

வண்டியைப் பார்க்க சார்ஜன் முத்துவை அழைத்திருந்தார். விளக்குகள் சரியாக இருக்கின்றனவா என்று சிங்களத்தில் கேட்டார். முத்து என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"மதி, சேர்" என்றார் முத்து. போதாது என்று அர்த்தம். எப்போதிலிருந்து என்று சார்ஜன் கேட்டார். தான் எச்சரித்த நாளையும் மறைக்காமல் சொன்னார்.

நீதிமன்றம் என் சாரதி அனுமதிப்பத்திரத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்தது. இரண்டு மாதம் நான் முத்துவோடு பேசவில்லை. வீதியில் கண்டால் மறுபக்கம் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு அவரே என் வீட்டு வாசலுக்கு வந்தார். "வாங்க சேர், அந்தப் புள்ளயப் பாத்துட்டு வருவோம்."

லயத்தில் தங்கேஸ்வரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பால் விடாத பிளேன்ரீ வந்தது. நான் குடித்து முடிக்கப் பொறுத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் ஓடலீங்க சேர். வண்டி வருதேன்னு ஓரமாத்தான் நின்னேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். முத்து எனக்காக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நானேதான் பேச வேண்டியிருந்தது. "எனக்குத் தெரியும்மா. பிழை என்னோடது" என்று சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. அந்தக் கால் பிறகு நேராகவில்லை. அவரால் கொழுந்து பறிக்க மலைக்கு ஏற முடியாமல் போய்விட்டது. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்கு மாறினார்.

அடுத்த வாரமே முத்து வானைக் கராஜுக்கு எடுத்துப்போனார். பழைய வயர்களை வெட்டி எனக்குக் காட்டினார். செம்பு பச்சை பூத்திருந்தது. பற்றரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, நடுவில் ரிலே என்ற மின்சுவிட்சை வைத்தார். எர்த் வயர் பிடித்திருந்த இடத்தின் துருவைச் சுரண்டினார். நான் போட்ட பெரிய பல்ப்புகளைக் கழற்றிவிட்டு, வண்டிக்கு உரியவற்றையே மாட்டினார்.

மழை வரும் ஒரு மாலைக்காகக் காத்திருந்து என்னை அந்த வளைவுக்கே அழைத்துப் போனார். "நீங்க அவ நின்ன எடத்துல நில்லுங்க" என்றார். நான் நின்றேன். தூரத்திலிருந்து அவர் வானை மெல்ல ஓட்டிவந்தார். வெளிச்சம் என் காலிலிருந்து முகம்வரை ஏறியது. வண்டி வெகுதூரத்திலேயே நின்றுவிட்டது. அது நிற்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் காண் விளிம்புவரை பின்வாங்கினேன். முத்து இறங்கிவந்து, "தெரியுறீங்க சேர்" என்றார்.

கடைசி ஒரு வருடம் அவருக்குச் சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்திகரிக்க இரத்தினபுரிக்கு வானில் படுக்கவைத்துச் சில தடவை நானே கூட்டிப்போனேன். பிறகு வரக்காப்பொலவில் மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்தேன். வருகிறேன் வருகிறேன் என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மரண வீட்டில்தான் ரீட்டா எனக்கு அதைச் சொன்னார். "உங்க கேஸுக்குப் பொறகு டிரைவர்மாரு ரொம்பப் பேர் கராஜுக்கு வர்றத நிப்பாட்டிட்டாங்க சேர். பொலிசுக்குக் காட்டிக் குடுக்கிறவன்னு பேரு வச்சாங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்குனாரு." கேஸ் முடிந்து எட்டு வருடம். அவருடைய கராஜ் வாசல் வெறுமையாகக் கிடந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதேயில்லை.

முற்றத்தில் சாரதிகள் சிலர் நின்றிருந்தார்கள். அவர்கள் நடுவில் போய், தமிழிலும் சிங்களத்திலும் நடந்ததைச் சொன்னேன். பிழை என்னுடையது, பொய் என்னுடையது, முத்து மறைக்காமல் சொன்னார், அவ்வளவுதான் என்றேன். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். உள்ளே பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள்.

முத்துவை அறிந்த நண்பர்களே, எனக்கு ஆறுதல் சொல்ல வராதீர்கள். அவர் எனக்குத் தந்துவிட்டுப் போனது ஒரு வெட்கம். மிச்சக் காலத்தை நேராக நடக்க எனக்கு அது வேண்டும்.