சடையன் விழுங்கிய மாத்திரை

கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் பதினெட்டு வருடமாக வேன் ஓட்டியவன் என் சித்தப்பா மகன் சடையன். ஒரு சொட்டுக் குடித்தறியாதவன். போன ஆவணியில் அவன் நடை தள்ளாட ஆரம்பித்தது. எதிரே வரும் பஸ் இரண்டாகத் தெரிந்தது.

"இன்னாண்ணா, காலையிலயே ஏத்திக்கினியா?" என்றான் ஸ்டாண்டில் விமல்ராஜ். மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். தான் குடிகாரன் இல்லையென்று காட்டத்தான் சடையன் ஸ்கேனுக்கே சம்மதித்தான்.

ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதுவதுதான் டப்ளினில் என் வேலை. அவன் மனைவி வள்ளி படங்களை எனக்கு அனுப்பினாள். ஊசியில் மருந்து ஏற்றி எடுத்த படத்தில், மூளைத்தண்டின் நுண்ணிய ரத்தக்குழாய்களை ஒட்டி, மிளகுப்பொடி தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். குழாய்ச் சுவரில் மருந்து கசிந்திருக்கிறது. ஏன் கசிந்தது என்பதைப் படம் சொல்லாது. அழற்சியாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம்.

வேலூரில் நரம்பு டாக்டர் மூளையிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கப் பன்னிரண்டு நாள் கழித்து வரச்சொன்னார். "அதுவரைக்கும் ஸ்டீராய்டு மட்டும் தொடாதீங்க. புள்ளியெல்லாம் மறைஞ்சிடும், வியாதி உள்ளயே இருக்கும்." நானும் போனில் அதையே சொன்னேன்.

நடுவில் பௌர்ணமி வந்தது. உள்ளூர் டாக்டர் முதலில் எழுதிக்கொடுத்த சீட்டு சடையனிடம் இருந்தது. அதே ஸ்டீராய்டு. வாங்கி விழுங்கினான். நாலே நாளில் பார்வை நேரானது. முதலாளி முன்னால் நேர்க்கோட்டில் நடந்து காட்டி சாவியை வாங்கினான். கிரிவலத்துக்கு வந்த ஜனங்களை ஏற்றிக்கொண்டு பதினோரு ட்ரிப். வண்டியில் ஏறிய ஒருவருக்கும் இது தெரியாது.

வேலூரில் மறுபடி எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. வெட்டி எடுக்க இடமே இல்லை. மாத்திரை ஏதும் சாப்பிட்டாயா என்று டாக்டர் கேட்டதற்கு இல்லையென்று தலையை ஆட்டிவிட்டான்.

"அண்ணி, எல்லாம் போயிடுச்சாம்!" என்று வள்ளி போனில் அழுதாள். எனக்கு ஸ்டீராய்டு ஞாபகம் வந்தது. போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"உண்மையச் சொல்லுடா."

"குடிகாரன்னு சொன்னானுங்கக்கா. நான் நடந்து காட்டணும் இல்ல?"

அன்றே டாக்டரிடம் சொல்ல வைத்தேன். மாத்திரையை நிறுத்திவிட்டு, வியாதி திரும்பி வரட்டும் என்று காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஐப்பசிக் கடைசியில் வந்தது. இந்த முறை விழுங்கவும் முடியவில்லை. சதையெடுத்துப் பார்த்ததில், நிணநீர்ப் புற்று.

இப்போது கீமோ ஏறுகிறது. பேச்சு குழறுகிறது. நேற்று அவன் கேட்டதை வள்ளிதான் எடுத்துச் சொன்னாள்: "மாத்திர துன்னாம இருந்திருந்தா பொழச்சிருப்பேனானு கேக்குறாரு அண்ணி."

"ரெண்டு மாசம் போச்சு, அது நெஜம். மத்தது எனக்குத் தெரியலனு சொல்லு," என்றேன்.

அவள் அதை அப்படியே அவனிடம் சொல்வது போனில் கேட்டது.