எர்ணாவூர் தாண்டாத கார்

மாமா கார் வாங்கிய வருடம் வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் சாலையை மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ராயபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் ஸ்கூட்டரை எடுக்கவே யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், அம்மாவின் அண்ணனான என் மாமா செகண்ட் ஹேண்டில் ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அவர் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். அவ்வளவு பெரிய லாரிகளையே மேய்க்கிறவனுக்கு இந்தச் சின்னக் காரில் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்பது அவர் கட்சி.

அப்போது சித்தி எங்கள் வீட்டில் இருந்தாள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் தங்கை. எண்ணூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் காலை ஒரே ஒரு தோள்பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்றார்கள். அந்தப் பல்வலியோடு அவள் முறுக்கு தின்றதைப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருந்தது. எனக்குப் பல் வலித்தபோது கஞ்சியைத் தவிர எதுவும் கண்ணில் காட்டவில்லை.

வீக்கம் வடிந்ததும் அம்மா ஆரம்பித்தாள். “கட்டிக்குடுத்த பொண்ணு எத்தினி நாளைக்கு இங்க குந்திகினு இருப்பா? தெருவுல கேக்கறவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

சித்தியைக் காரில் எண்ணூருக்குக் கொண்டுபோய் விடுவதென்று முடிவானது. சித்தி தோள்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். நான் மட்டும் குதித்தேன். எண்ணூர் வீட்டு நாய் குட்டி போட்டிருப்பதாக சித்தி சொல்லியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்தால் சித்திக்குக் குமட்டும் என்பதால் முன்சீட் அவளுக்கு. பின்னால் அம்மாவும் நானும். நான் இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு வந்தேன். மெட்ரோ பள்ளத்துக்குப் பயந்து மாமா கடலோரச் சாலையைப் பிடித்தார். அங்கே முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி. திருவொற்றியூர் தாண்டியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால், வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு லைட்டு ஒன்று எரிந்தது.

“மாமா, லைட்டு!” என்று கத்தினேன்.

“பிரேக்கு லைட்டும்மா அது,” என்று மாமா வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி, பானெட்டைத் திறந்து, கைக்கு எட்டியதையெல்லாம் அமுக்கிப் பார்த்தார். திரும்ப வந்து ஸ்டார்ட் செய்தால் லைட்டைக் காணோம்.

“அதான் அணைஞ்சிட்ச்சே, போலாம்,” என்றாள் அம்மா.

“பிரேக்கு விசயத்துல வெளாடக் கூடாது. முன்னாடி போறது இன்னா பொம்ம லாரியா?” மாமா வண்டியைத் திருப்பிவிட்டார்.

தண்டையார்பேட்டையில் ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். பிரேக் ஆயிலைப் பார்த்தார், சரியாக இருந்தது. நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். தெருவில் ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தார். லைட்டு எரியவில்லை. அந்த வாரம் முழுக்க மாமா அதே காரில் யார்டுக்குப் போய் வந்தார். அப்போதும் எரியவில்லை. உப்புக்காற்றில் வயர் துருப்பிடித்திருக்கும் என்று மாமா முடிவு கட்டினார். எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் உப்புக்காற்றின் மேல் போடலாம், அது மறுத்துப் பேசாது.

அடுத்த ஞாயிறும் கிளம்பினோம். எர்ணாவூர் நெருங்கும்போது மறுபடி சிவப்பு. மறுபடி திரும்பினோம். நாய்க்குட்டிகள் எனக்காகக் காத்திருக்காமல் வளர்ந்துகொண்டிருக்குமே என்று வழியெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன். சித்தி கையைப் பின்னால் நீட்டி என் தலையைத் தடவினாள்.

இந்தத் தடவை பாயிடம் என்னையும் கூட்டிப்போனார் மாமா. பாய் வண்டியைத் தொடவில்லை, கேள்வி கேட்டார்.

“தனியா போறப்போ எரியுதா?”

“இல்ல பாய்.”

“நான் ஓட்டுனப்பவும் எரியல. எரியறப்போ பக்கத்துல யாரு குந்திகினு இருந்தது?”

“தங்கச்சி.”

பாய் கதவைத் திறந்து குனிந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த ஹேண்ட்பிரேக்கை ஒரு விரல்கடை தூக்கினார். சிவப்பு லைட்டு எரிந்தது. இறக்கினார், அணைந்தது.

“இதுக்கும் அதே லைட்டுதான், ஆயிலு கொறஞ்சாலும் அதே லைட்டுதான். வண்டில ஒரு கொறையும் இல்லப்பா. தங்கச்சி பையி கிய்யி வச்சிருந்துச்சா? வாரு மாட்டி இழுத்துகினு இருக்கும்.”

சித்தி தோள்பையை எப்போதும் அங்கேதான் வைப்பாள். அதன் மேல் கையும் வைத்திருப்பாள். அதை நான்தான் பாயிடம் சொன்னேன், கெட்டிக்காரத்தனமாக. மாமா சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் அந்த ஹேண்ட்பிரேக்கை, தான் வாங்கிய காரில் அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்ததுபோல, பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில், “வண்டி சரியாய்ட்ச்சு,” என்று மட்டும் சொன்னார். அம்மா அன்றைக்கே எண்ணூருக்கு போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வருவதாகச் சொல்லிவிட்டாள். சித்தி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பல்வலி திரும்பிவிட்டது என்று நினைத்தேன்.

மூன்றாவது தடவை கிளம்பும்போது மாமா சித்தியின் பையை வாங்கி டிக்கியில் வைத்தார். சித்தி முன்சீட்டில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். திருவொற்றியூர் தாண்டியது, லைட்டு எரியவில்லை. வலது பக்கம் கடல் வந்தது. தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிந்தன. எனக்கு நாய்க்குட்டி கைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. சித்தி ஒருமுறை மாமாவைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மடியிலிருந்த விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

எர்ணாவூர் வந்தது.

மாமா கியரிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கை மெதுவாகப் பின்னால் நகர்ந்து ஹேண்ட்பிரேக்கின் மேல் உட்கார்ந்தது. ஒரு விரல்கடை தூக்கியது.

“மாமா, லைட்டு!” என்று கத்தினேன்.

“பாத்துகினுதான் கீறேன்,” என்றார் மாமா. “இந்த பாய் ஒண்ணும் சரியா பாக்கல. இந்த வண்டிய நம்பி அவ்ளோ தொலவு போவ முடியாது.”

சித்தி கண்ணைத் திறந்தாள். லைட்டைப் பார்த்தாள், மாமாவின் கையைப் பார்த்தாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கண்ணாடியில் மாமாவின் முகம் தெரிந்திருக்க வேண்டும். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கார் திரும்பியது. ராயபுரம் வரும்வரை அந்த லைட்டு எரிந்துகொண்டேயிருந்தது. அதை அணைக்க மாமா எதுவும் செய்யவில்லை. அவ்வளவு ஆபத்தான வண்டியில், சித்தி வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாள்.

எண்ணூரிலிருந்து சித்தப்பா ஒருமுறை வந்தார். மாமா அவரை வாசற்படி ஏற விடாமல் தெருமுனைக்கு அழைத்துப்போய்ப் பேசிவிட்டுத் தனியாகத் திரும்பினார். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், “வண்டில வயரு பிராப்ளம். பார்ட்டு கெடைக்கல,” என்று நான் விளக்கம் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அம்மாகூட என்னைத் திருத்தவில்லை. சித்தி வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள்.

மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு மாமா அந்தக் காரைக் கொடுத்துவிட்டுப் புதுக்கார் எடுத்தார். முதல் நாள் எல்லோரும் மெரினா வரைக்கும் போய் வந்தோம். நான் போகவும் வரவும் கண்ணை எடுக்காமல் ஸ்டியரிங்குக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியதும் சித்தியின் கையைப் பிடித்து நல்ல செய்தியைச் சொன்னேன்.

“சித்தி, இந்த வண்டில லைட்டு எரியவே இல்ல. நீ இப்போ எண்ணூருக்குப் போலாம்.”

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். முதலில் யார் சிரித்தார்கள் என்று நினைவில்லை. சித்தி காரின் மேல் சாய்ந்து, கண்ணில் நீர் வர வரச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அப்படி என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் அதையே இன்னும் ஒருமுறை உரக்கச் சொன்னேன்.