விழ மறுத்த பேரரசு

துபாய் வந்தும் எங்கள் ஆட்களை விடாத வழக்கம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் பிள்ளைக்கு ப்ராஜெக்ட் கொடுத்தால், அதை அப்பா செய்வார். நானும் அந்த ரகம்தான். எட்டாம் வகுப்பில் என் மகளுக்கு வந்த தலைப்பு, துருக்கியரின் ஒட்டோமான் பேரரசு எழுந்ததும் விழுந்ததும்.

“நானே சார்ட்ல வரைஞ்சுக்கறேன்ப்பா. நம்ம வாயால எக்ஸ்ப்ளெயின் பண்றதுக்குத்தான் மார்க்” என்றாள்.

சார்ட்டா? அல் கூஸில் மின்சார பேனல் செய்யும் ஒர்க்‌ஷாப்பில் பதினைந்து வருடமாக எஞ்சினியராக இருப்பவன் வீட்டிலிருந்து சார்ட் போவதா? பிளைவுட்டில் மூன்று கண்டங்களை அறுத்து, சுல்தான்கள் பிடித்த ஊருக்கெல்லாம் ஒரு பச்சை பல்பு வைத்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து பேரரசு வளரும். இன்னொன்றை அழுத்தினால் ஒவ்வொன்றாக அணையும். சவூதியில் அல் கோபாரில் இருக்கும் என் மச்சான் போனில், “எங்க பக்கத்துக்கும் ஒரு பல்பு போடுங்க மாப்ளே, இங்கயும்தான் ஆண்டிருக்கான்” என்று பங்கு கேட்டார். போட்டேன். துபாய்க்குப் பல்பு கிடையாது என்பதில் என் மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம்.

மூன்று வாரத்து லீவு நாட்களையும் எழுச்சியே தின்றுவிட்டது. மகள் பக்கத்தில் வந்து நின்று, ஈயத்தை உருக்கி ஒயர்களை ஒட்டும் சோல்டரிங் அயர்னைக் காட்டி, “ஒண்ணே ஒண்ணு நான் வைக்கட்டுமா?” என்பாள்.

“கை சுட்டுடும். தள்ளி நில்லு” என்பேன்.

ஒரு நாள் அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அறைக்குள் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள். தொல்லை விட்டது என்று நினைத்தேன். வீழ்ச்சிக்கான ஒயரிங்கைக் கடைசி நாள் அவசர அவசரமாக முடித்தேன்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோரைப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். மகள் முதல் பொத்தானை அழுத்தினாள். அனத்தோலியாவில் ஒரு விளக்கு எரிந்தது. பிறகு கான்ஸ்டான்டினோபிள், கெய்ரோ, பாக்தாத். வகுப்பே கை தட்டியது. எனக்கு நெஞ்சு விம்மியது, பொய் சொல்வானேன்.

இரண்டாவது பொத்தானை அழுத்தினாள். ஒரு விளக்கும் அணையவில்லை. மறுபடி அழுத்தினாள். வரலாறு என்ன சொன்னாலும் சரி, என் பேரரசு விழமாட்டேன் என்று நின்றது. நான் பாதி எழுந்துவிட்டேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்க. பரீட்சை அவளுக்கு.”

மகள் குனிந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். மூன்று கண்டமும் ஒரேயடியாக இருண்டது.

எதனால் விழுந்தது என்று டீச்சர் கேட்டார். தோற்ற போர்களையும் பிரிந்துபோன நாடுகளையும் மகள் வரிசையாகச் சொன்னாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். ஆரம்பத்தில் இளவரசர்களைச் சின்ன வயதிலேயே ஒரு மாகாணத்துக்கு அனுப்பி ஆளப் பழக்கினார்களாம். பின்னாளில் அரண்மனைக்குள்ளேயே அடைத்துவைத்தார்களாம். ஒரு வேலையும் தெரியாமல் வளர்ந்தவர்கள் அப்படியே அரியணையில் போய் உட்கார்ந்தார்களாம்.

இதைச் சொல்லும்போது அவள் டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து முறைத்திருந்தால்கூடத் தேவலை. வெட்கமாக இருந்தது.

அவள் பேசியதற்கு முழு மதிப்பெண். மாடலுக்கான முதல் பரிசு வேறொரு அப்பாவுக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு ஒயர்களை இடம் மாற்றிக் கொடுத்திருந்தேன். அயர்னைச் சூடாக்கினேன். கை தானாக வேலையை ஆரம்பிக்கப் பார்த்தது. நிறுத்தி, அதை மகளிடம் நீட்டினேன்.

“கை சுட்டுடுமே?” என்றாள்.

“சுட்டா தண்ணியில காட்டிக்கலாம். பிடி.”

இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் வைத்த ஒட்டு கோணலாக, மொத்தையாக இருந்தது. அவள் பிளக்கைச் சொருகி முதல் பொத்தானை அழுத்தினாள், பிறகு இரண்டாவதை. பேரரசு ஒவ்வொரு விளக்காக, ஒழுங்காக விழுந்தது.