அக்கா முகத்துக்குப் பூசிய மஞ்சள்

தம்பிக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்த மறுவருஷம் இந்தப் பேச்சு கிளம்பியது. வீட்டில் இருக்கிற பழைய போட்டோவையெல்லாம் ஸ்கேன் பண்ணி சிடியில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கரையான்தான் பார்க்கும் என்றான். சொன்னதோடு அவன் வேலை முடிந்தது. உத்தரவு போட ஒருத்தன், லோலோ என்று அலைய ஒருத்தி. எங்கள் வீட்டு வழக்கம் அது. என்னைக் கட்டிக்கொடுத்தது திருப்புலிவனத்தில். உத்திரமேரூர் பக்கத்திலிருந்த அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினால் உட்கார்ந்து நிமிர்வதற்குள் போய்விடலாம். அந்தப் பாவத்துக்கே எல்லா வேலையும் என் தலையில் விழும்.

காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் புதுசாக ஸ்கேனர் வந்திருந்தது. முன்கூட்டியே போய் விசாரித்தேன். ஸ்டுடியோக்காரர் பொறுமையான மனுஷர். பிரேமைக் கழற்றிக் கொண்டு வாங்க, ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் வெள்ளைப் பேப்பர் வைங்க, காய்ந்த பஞ்சால் மட்டும் துடையுங்க, தண்ணீர் ஒரு பொட்டுக்கூடப் படக்கூடாது, பின்பக்கம் பேனாவால் எழுதாமல் பென்சிலால் நம்பர் போடுங்க என்று பாடம் எடுத்தார். எனக்கு அதெல்லாம் பிடித்திருந்தது. ஒரு வேலையை ஒழுங்காகச் சொல்கிற ஆம்பளையைப் பார்ப்பது அபூர்வம்.

அம்மாவிடம் வந்து சொன்னபோது, மற்ற படமெல்லாம் எப்படியோ போகட்டும், பெரியவள் படத்தை முதலில் போடச் சொல்லு, அவள் முகம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றாள். தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. கல்யாணமாகாமல் போன பெண்ணை எங்கள் பக்கம் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவோம். எந்த நல்ல காரியம் என்றாலும் முதல் படையல் அவளுக்கு. பாவாடை, சட்டை, பூ, வளையல் எல்லாம் புதுசாக எடுத்து வைப்போம். இந்த முறை படையலுக்குப் பெரிய படமாக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள்.

பெரியவள் என்றால் என் அக்கா. பன்னிரண்டு வயசில் மஞ்சள் காமாலையில் போனாள். எனக்கு அப்போது மூன்று வயசு. அவள் குரல், நடை, எதுவும் எனக்கு நினைவில்லை. தம்பி அதற்குப் பிறகு பிறந்தவன். அவளுக்கென்று இருந்தது ஒரே படம். போவதற்கு முந்தின கோடையில் ஜடையில் பூ தைத்து, உத்திரமேரூர் கடைத்தெரு ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் ஆளுயரக் கண்ணாடியை வைத்து எடுப்பார்கள். முன்னால் முகம் தெரியும், கண்ணாடியில் பூ ஜடை தெரியும். பெண்பிள்ளை இருக்கிற வீட்டிலெல்லாம் இப்படி ஒரு படம் இருக்கும். அந்த ஸ்டுடியோவை எப்போதோ மூடிவிட்டார்கள், நெகட்டிவ் போன இடம் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாயை விரித்து எல்லாப் படத்தையும் இறக்கினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் படத்தில் அப்பா முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பொண்ணு பிடிக்கவில்லையா உங்க வீட்டுக்காரருக்கு என்று சீண்டினேன். சட்டை இரவல், கழுத்தில் பட்டன் போட்டால் மூச்சு முட்டும், அதுதான் அந்த மூஞ்சி என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அப்பா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது.

அக்கா படத்தைக் கடைசியாக எடுத்தேன். அது மற்றப் படங்களோடு இருக்காது. சாமி மாடத்துக்கு மேலே தனியாகத் தொங்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அதை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, முகத்துக்கு மஞ்சள் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, பூச்சரம் போட்டு மாட்டுவாள். அந்த முகத்தை நான் மஞ்சளோடும் பூவோடும்தான் பார்த்திருக்கிறேன். தினம் எதிரில் தொங்குவதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

பஞ்சை வைத்துத் தேய்த்தேன். சுவரில் அப்பின மண் மாதிரி மஞ்சள் காய்ந்து இறுகியிருந்தது. அசையவில்லை. ஓரத்தில் நகத்தை விட்டு மெல்ல நெம்பினேன். ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. கீழே கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் காகிதம். இன்னொரு பக்கம் நெம்பினேன். அங்கேயும் அதேதான். அப்புறம் கையை எடுத்துவிட்டேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பயம் வந்தால் இன்னும் நீளும். கண்ணாடி இல்லாத படத்தின் மேல் நேராக மஞ்சளைக் குழைத்துப் பூசுவார்களா, அதையும் வாராவாரம் ஈரத்துணியால் துடைப்பார்களா, உலகத்தில் எவளாவது செய்வாளா, அறிவென்று ஒன்று இருக்கிறதா என்று கத்தித் தீர்த்தேன். அம்மா தலையைத் தூக்கவில்லை. தோல் ஒரு முறத்தில், பருப்பு ஒரு முறத்தில் என்று விழுந்துகொண்டே இருந்தது.

கத்தி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போதுதான் பிரேம் கண்ணாடி எப்படிப் போனது என்பது உறைத்தது. நான் ஏழாவது படிக்கும்போது, போகிக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டிருந்தோம். அந்தப் படத்தைக் கை நழுவவிட்டவள் நான். அப்பா பிரேமை மட்டும் ஆணி அடித்துச் சரிசெய்து, அடுத்த தடவை கடைத்தெருவுக்குப் போகும்போது கண்ணாடி போட்டுவிடலாம் என்றார். அந்த அடுத்த தடவை வரவேயில்லை. எத்தனை முறை நானே கண்ணாடிக் கடையைத் தாண்டிப் போயிருக்கிறேன். சினிமாவுக்குப் போனேன், வளையல் வாங்கப் போனேன், கண்ணாடி மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதைத்தான் அன்றைக்குப் பாயில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

இருந்தாலும் மறுநாள் அதையும் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். மெஷினுக்கு நம் கண்ணுக்குத் தெரியாதது தெரியுமோ என்னவோ. ஸ்டுடியோக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்கேனரில் வைத்தார். கம்ப்யூட்டரில் பெரிசாக வந்தது. பின்னால் ஆளுயரக் கண்ணாடிக்குள் இருந்த ஜடை அப்படியே இருந்தது. ஒவ்வொரு மல்லி மொட்டும் தனித்தனியாக எண்ணலாம். நுனியில் குஞ்சலம், அதில் ஒரு நூல் பிரிந்திருந்தது வரை தெரிந்தது. மஞ்சள் அந்தப் பக்கம் போகவில்லை. முன்னால் பாவாடை தெரிந்தது, கோத்திருந்த கை தெரிந்தது. கழுத்துக்கு மேல் மஞ்சள் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதம்தான் இருந்தது.

அவர் எனக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார். கூடப் பிறந்தவர்தானே நீங்கள், உங்களுடைய சின்ன வயசுப் படம் இருந்தால் கொடுங்கள், கண்ணும் மூக்கும் எடுத்துப் பொருத்திவிடலாம், வயசான அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என் முகத்துக்கு அம்மா மஞ்சள் பூசிக் கும்பிடுவதை நினைத்ததும் உடம்பு கூசியது. மற்றப் படங்களை விட்டுவிட்டு அதை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய் ஒன்றும் உதவவில்லை. முகம் வரவில்லை, மெஷினிலும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஒப்பாரி வைப்பாள் என்று நினைத்தேன். அவள் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்டி. தொடைக்கறப்போ துணியில கறுப்பு கறுப்பா வந்துக்கினே இருந்திச்சி. வெள்ளிக்கெயமை ஆனா அந்த மொகத்துக்கு மஞ்சா பூசாம வுட மனசு வர்ல."

தெரிந்தேதானா என்று கேட்டேன். தெரிந்தேதான் என்று தலையாட்டினாள். அப்புறம் எதற்கு ஸ்கேன் பண்ண வேண்டும் என்று என்னை இத்தனை அலைக்கழித்தாய் என்றேன். கோபம் இல்லை அதில், நிஜமாகவே புரியவில்லை. அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவளுக்குக் கன்னத்துல ஒரு மச்சம் இருந்திச்சி. எந்தக் கன்னம்னு ரெண்டு வருசமா கொயப்பமா கீது. மெஷின்ல போட்டா தெரியும்னு நெனச்சேன். ஒனக்கு நெனப்பு கீதா?"

மூன்று வயசுப் பிள்ளைக்கு என்ன நினைப்பு இருக்கும்? அக்காவுக்கு மச்சம் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையைப் பார்த்தவர்களில் வீட்டில் மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேர். தெரியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"இடது கன்னம்மா," என்றேன். "நல்லா நெனப்பு கீது."

அம்மா தன் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே கையை வைத்திருந்தாள்.

"இத்தினி நாளா சோத்துக்கைப் பக்கம்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்," என்றாள். "சரி, நீ சொல்றதுதான் சரியா இருக்கும். எனக்குத்தான் வயசாயிப்போச்சு."