செருகியும் வராத இணையம்

செவிலிமேட்டில் நாங்கள் குடிவந்த தெருவுக்கு அப்போது இணையக் கேபிள் வரவில்லை. வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் எனக்கு அது பெரிய தலைவலி. சென்னையில் இருக்கும் அக்கா கொடுத்த பழைய லேப்டாப்பில் இருந்ததோ விண்டோஸ் இல்லை, லினக்ஸ். சிம் போட்டுச் செருகும் டாங்கிள் ஒன்றை வாங்கிவந்து செருகினேன். சிடி போட்டதுபோல் திரையில் ஒரு சின்னம் வந்தது. இணையம் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் வாய் நிறையப் பாக்கு. மேஜைக்கடியில் இருந்த பெயிண்ட் டப்பாவில் துப்பிவிட்டு, உதட்டைத் துடைத்த விரலாலேயே லேப்டாப்பைத் தட்ட ஆரம்பித்தார்.

"லினக்ஸா? இத யாருமா போட்டுக் குடுத்தது? ஹேக் பண்றவனுங்க வெச்சிக்கினு சுத்தறது இது."

"நெட் மட்டும் வந்தா போதும்ணா."

"உங்களுக்குச் சொன்னாப் புரியாதுமா. சார வரச் சொல்லுங்க."

டாங்கிளை அவர் தொடக்கூட இல்லை. படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்து, என் தங்கையின் நலங்குப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஈரப் புடவையோடு அவள் நிற்கும் படத்தைப் பெரிதாக்கினார்.

"தங்கச்சியா?"

கையால் திரையை மறைத்தேன். "மொதல்ல அத மூடுங்க."

"செக் பண்றேன்மா. விண்டோஸ் போட்டாதான் நெட்டு வரும். உள்ள இருக்கறதெல்லாம் பூடும், பரவால்லயா?"

லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் விசைகளைத் துடைத்தேன். துணியில் செம்மண் நிறத்தில் கறை ஏறியது. அதை அலசி வைத்துக்கொள்ள மனம் வரவில்லை, குப்பையில் போட்டேன்.

பிறகு, போனில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச டேட்டாவில் தேடினேன். லினக்ஸ் பழகுகிறவர்களுக்கான ஒரு பக்கத்தில் யாரோ இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். கீழே, இதுகூடத் தெரியாதா என்று வரிசையாக நக்கல். அந்தச் சாக்கடையைத் தாண்டிக் கீழே போனபோது ஒருவர் ஒழுங்காக எழுதியிருந்தார்: டாங்கிளுக்குள் விண்டோஸுக்கான மென்பொருள் இருக்கிறது, அதனால்தான் சிடி மாதிரி தெரிகிறது, டாங்கிளைக் கழற்றாமல் அந்தச் சின்னத்தை மட்டும் 'எஜெக்ட்' கொடுத்து வெளியேற்றிவிட்டுக் காத்திருங்கள், அப்போதுதான் டாங்கிள் இணையக் கருவியாக மாறும்.

செய்தேன். சின்னம் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் நெட்வொர்க் பட்டியலில் 'மொபைல் பிராட்பேண்ட்' என்று வந்தது. நாடு, சிம் நிறுவனம், பிளான் என்று கேட்டதையெல்லாம் தேர்ந்தெடுத்தேன். இணையம் வந்துவிட்டது. முடித்து வைத்திருந்த வேலையை அனுப்பினேன்.

சாயங்காலம் வந்த கணவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அவன் அப்படித்தான்னு ஊருக்கே தெரியும். நீ ஏன் தனியா போன?"

சோறு போட்டுக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அவன் பண்ணது தப்பில்ல, நான் போனதுதான் தப்பா?"

அவர் சாப்பிட்டு எழுந்தபின், "அந்த நெட்டு என் போனுக்கும் வருமா?" என்று கேட்டார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.